சந்தனக் கன்று வாங்கப் போறீங்களா? பையைக் கொஞ்சம் பாருங்க (5-க்கு 3 ஸ்டார்)

ஜவ்வாது மலையில் திருட்டு வெட்டில் மொட்டையான காப்புக்காட்டு ஓரத்தில் நட, எங்க ஊர் வனக்குழுவுக்காக அடிவாரத்து நர்சரி ஒன்றில் 200 சந்தனக் கன்று எடுத்தோம். முழங்கால் உயரம், இலையெல்லாம் பளபளன்னு இருந்தது. ஆனால் பாதிப் பைகளில் துணைச்செடியே இல்லை! சந்தனம் பக்கத்துச் செடியின் வேரில் தன் வேரைப் பதித்து உறிஞ்சிப் பிழைக்கிற மரம். பைக்குள்ளேயே பொன்னாங்கண்ணியோ துவரையோ கூட வளரணும். கேட்டால், "களைன்னு நெனச்சுப் பசங்க பிடுங்கிட்டாங்கண்ணே" என்கிறார் நர்சரிக்காரர். சந்தனம் விற்கிற கடையில் இப்படி ஒரு பதில்.

ஒரு பையைக் கிழித்துப் பார்த்தேன். ஆணிவேர் அடியில் வளையம் வளையமாகச் சுருண்டு கிடந்தது. அப்படிப்பட்ட 40 பையை முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார், அதுக்குத்தான் மூன்றாவது ஸ்டார். வண்டி வாடகை தனி.

ஐப்பசி மழையில் நட்டோம். துணையோடு வந்தவை துளிர்த்துவிட்டன. தனியாக வந்தவை மஞ்சளடித்து நிற்கின்றன; குழிக்கு நாலு துவரை ஊன்றியிருக்கோம், முளை இப்பத்தான் தலை காட்டுது.