வான்படத்தில் சாலை தேடுதல்: மாஸ்க் முறையா, தடம்பிடிக்கும் முறையா?

விநியோக வண்டிகளுக்கான வரைபடத்தைச் சிங்கப்பூர் முழுமைக்கும் புதுப்பித்து வைத்திருப்பது எங்கள் சிறு குழுவின் வேலை. வான்வழிப் படங்களிலிருந்து சாலைகளைத் தானாகக் கண்டறிய இரண்டு வழிகளைச் சீர்தூக்கிப் பார்த்து, அவற்றுள் ஒன்றை இப்போது ஓட்டிவருகிறோம். முதலாவது வழி, படத்தின் ஒவ்வொரு பிக்சலும் சாலையா இல்லையா என்று பிரித்து, சாலையை மட்டும் காட்டும் மாஸ்க் என்னும் மறைபடத்தை உருவாக்கி, பிறகு அதை மெலிதாக்கி நடுக்கோடு எடுப்பது. 2015இல் வந்த யூ-நெட், 2018இல் டீப்குளோப் சாலைப் போட்டியில் வென்ற டி-லிங்க்நெட் ஆகிய நரம்பணி வலைகள் (நியூரல் நெட்வொர்க்) இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டாவது வழியான தடம்பிடிக்கும் முறை, தெரிந்த ஒரு புள்ளியில் தொடங்கி, அடுத்த அடியை எந்தத் திசையில் வைப்பது என்று கணித்துக்கொண்டே எறும்பு போலச் சாலைமீது ஊர்ந்து, வலைப்பின்னலை நேரடியாக வரைவது. 2018இல் வெளியான ரோட்ட்ரேசர் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நாங்கள் எடுத்தது மாஸ்க் முறை. என் சாய்வும் அந்தப் பக்கமே.

வேகம், கணினிச் செலவு ஆகியவற்றில் மாஸ்க் முறை எளிது என்பதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பயிற்சித் தரவை, அதாவது சாலை எது என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் படங்களைப் பற்றி மட்டும் ஒரு சொல். மாசசூசெட்ஸ் சாலைத் தொகுப்பின் 1171 படங்கள் சேர்ந்து சிங்கப்பூரைப் போல மூன்று மடங்குக்கும் மேலான பரப்பைக் காட்டுகின்றன. இருந்தும், தாய்லாந்து, இந்தோனீசியா, இந்தியா ஆகிய நாடுகளின் படங்கள் கொண்ட டீப்குளோப் தொகுப்புதான் நம் பக்கத்துச் செடிகொடிகளுக்கும் மண்ணுக்கும் நெருக்கமானது.

மாஸ்க் முறையின் குறையை மறைப்பதற்கில்லை. ஆர்க்கேடியா சாலையில் தூங்குமூஞ்சி மரங்கள் இருபுறமிருந்தும் கிளை கோத்து நிற்கின்றன. மேலிருந்து பார்த்தால் பச்சை மட்டுமே தெரியும், சாலை துண்டு துண்டாகிவிடும். ஒரு பிக்சல் 50 சென்டிமீட்டர் நீள அகலத்தைக் காட்டும் படத்தில், ஏழு மீட்டர் அகலச் சாலையில் பத்து மீட்டர் இடைவெளி விழுந்தால் இழப்பு ஏறத்தாழ 280 பிக்சல்தான். 1024க்கு 1024 அளவுள்ள படத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள் இருப்பதால், பிக்சல் கணக்கில் மதிப்பெண் பெரிதாகக் குறையாது. ஆனால் வண்டிக்கு வழி அறுந்துபோகும். ஆகவே பிக்சல் மதிப்பெண்ணை நம்பாமல், இரு புள்ளிகளுக்கிடையிலான மிகக் குறைந்த தூர வழியின் நீளத்தை உண்மை வரைபடத்தோடு ஒப்பிடும் ஏபிஎல்எஸ் அளவீட்டைப் பார்ப்பதே சரி. தடம்பிடிக்கும் முறை மரநிழலைத் தாண்டி நடந்துவிடுவதால் இந்த இடத்தில் அதற்கே வெற்றி.

அப்படியிருந்தும் மாஸ்க் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் பராமரிப்பு. தெங்கா போன்ற புது நகரில் சாலைகள் கட்டம் கட்டமாகத் திறக்கின்றன; ஒவ்வொரு புதிய படத் தொகுப்புக்கும் யாராவது உட்கார்ந்து பிழை திருத்தித்தான் ஆகவேண்டும். மாஸ்க் முறையில் பிழை அந்தந்த இடத்தோடு நின்றுவிடுகிறது, கண்ணுக்கும் தெரிகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் மொட்டைமாடியும் காங்கிரீட் கால்வாயும் சாலையாக வந்து நிற்கும். எங்கள் குழுவில் வரைபடம் திருத்தும் அக்கா, நிரல் ஒரு வரிகூடத் தெரியாதவர், திரையைப் பார்த்ததும் "இது ரோடு இல்லை தம்பி, கால்வாய்" என்று அழித்துவிடுவார். அந்தத் திருத்தமே அடுத்த பயிற்சிக்குத் தரவாகிறது. தடம்பிடிக்கும் முறையிலோ, ஒரு திருப்பம் தவறினால் அதன்பின் வரைந்தவை எல்லாம் பிசகக்கூடும். தொடக்கப் புள்ளியையோ நிறுத்தும் வரம்பையோ சற்று மாற்றினாலும் தடம் போகும் ஒழுங்கே மாறிவிடுவதால், சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் எது மாறியது என்று பிடிப்பது பெரும்பாடு. அதற்குப் பயிற்சி கொடுக்கவும், ஒவ்வொரு சந்திப்பும் சரியாக இணைந்த கோட்டுவரைபடம் தேவை. மாஸ்க்குக்கோ, தன்னார்வலர்கள் வரையும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நடுக்கோட்டைச் சிறிது பருமனாக்கிக் கொடுத்தால் போதும். ஓரிரு மீட்டர் விலகலைப் பொறுத்துக்கொள்ளும்.

மேம்பாலங்கள் தனித் தலைவலி. மேலே ஒரு சாலையும் கீழே ஒரு சாலையும் குறுக்கே போனால், மெலிதாக்கிய கோட்டில் அங்கே இல்லாத சந்திப்பு முளைத்து, விரைவுச்சாலையிலிருந்து நேரே கீழே இறங்கச் சொல்லும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பாலத்துக்கும் அடுக்குக்கும் உள்ள குறிப்புகளை வைத்து அவற்றைப் பிரிக்கிறோம். புதிய மேம்பாலத்தை மட்டும் கையால் திருத்துகிறோம். அப்படிப்பட்டவை அடிக்கடி வருவதில்லை என்பதால் சமாளிக்க முடிகிறது.

படத்துண்டு முழுவதற்கும் வலைப்பின்னலை ஒரே மூச்சில் கணிக்கும் சாட்2கிராஃப் (2020) அடுக்குச் சாலைகளையும் கையாளுகிறது, ஊர்ந்து போகும் ஒழுங்குச் சிக்கலும் அதில் இல்லை. அதைச் சிறு பகுதியொன்றில்தான் ஓட்டிப் பார்த்தேன். பராமரிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்த அனுபவம் போதாது. பழைய வரைபடமே இல்லாத ஊரில், அடுக்குச் சாலைகள் மிகுந்த இடத்தில் தொடங்குபவர் அதையே முதலில் சோதிப்பது நல்லது. ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் சுரங்கத்துக்குள் ஓடும் காலாங்-பாய லேபார் விரைவுச்சாலையை எந்த முறையும் மேலிருந்து காணப்போவதில்லை. அந்தப் பகுதியைப் பழைய வரைபடத்திலிருந்தே எடுத்து ஒட்டுகிறோம்.