மேல்மலை கேபின்: இருட்டிய பிறகுதான் உண்மை விலையைச் சொல்வார்கள்

கொடைக்கானல் பக்கம் குடும்பத்தோடு மரக் கேபினில் தங்கலாம் என்று இன்ஸ்டாகிராமில் தேடிக்கொண்டிருப்பவர்கள் பணம் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். இடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பெயரை நாளைக்கே மாற்றிக்கொள்வார்கள், அவர்கள் செய்யும் விதம் மாறாது.

விளம்பரத்தில் இருந்தது ஏ வடிவக் கேபின். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெளியே பள்ளத்தாக்கு நிறைய மேகம். பூம்பாறை தாண்டி மன்னவனூர் போகும் வழியில், கொடைக்கானலின் மேல்மலைக் கிராமப் பகுதியில் என்றார்கள். எங்கள் குடும்பம், அக்கா குடும்பம், கூட என் மாமியார். இரண்டு கேபின், இரண்டு ராத்திரி, சாப்பாடு, கேம்ப் ஃபயர் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய். பாதி முன்பணம். வாட்ஸ்அப்பில் வந்த க்யூஆர் கோடு யாரோ ஒரு தனிநபர் பெயரில் இருந்தது. கேட்டால், "ஓனரோட அக்கவுண்ட்தான் மேடம்." வெந்நீர்? இருக்கு மேடம். அட்டாச்டு பாத்ரூம்? இருக்கு மேடம். ஹீட்டர்? அதுவும் இருக்கு மேடம்.

பணம் போன பிறகு பேச்சு மாறியது. முதலில் ஈ-பாஸ், அதாவது வண்டியில் மலை ஏற ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. வண்டிக்கு 300 ரூபாய் கொடுத்தால் தாங்களே எடுத்துத் தருவதாகச் சொன்னார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் ஈ-பாஸ் கட்டாயம்தான், ஆனால் அது முழுக்க இலவசம். அரசு இணையதளத்தில் வண்டி எண், தேதி, தங்கும் இடம் கொடுத்தால் கைபேசிக்கே வந்துவிடும். நாங்களே எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது நேரம். இந்த ஏமாற்றின் அச்சாணியே இதுதான். மதுரையிலிருந்து கொடைக்கானல் 120 கிலோமீட்டர் போல. காலையில் கிளம்பினால் மதியம் போய்விடலாம். "மதியமே வந்துடறோம்" என்றோம். "ரூம் ரெடியாக லேட் ஆகும் மேடம், ஏரி, பைன் ஃபாரஸ்ட் எல்லாம் பாத்துட்டு அஞ்சரைக்கு வாங்க" என்று ஒரு டீக்கடையின் லொகேஷனை அனுப்பினார்கள். கேபினின் லொகேஷன் கடைசி வரை வரவே இல்லை. டீக்கடையில் ஜீப் நின்றது. நம் கார் அதற்கு மேல் ஏறாதாம். ஜீப்புக்கு ஏற 2,500, இறங்க 2,500. இதைப் பற்றி அதுவரை ஒரு வார்த்தை கிடையாது. டிசம்பரில் ஆறு மணி தாண்டினாலே அங்கே இருட்டிவிடும். குழந்தைகளையும் முழங்கால் வலிக்காரரான மாமியாரையும் வைத்துக்கொண்டு, காட்டுமாடு குறுக்கே வந்து நிற்கும் சாலையில், விடுமுறைக் கூட்டத்தில் வேறு அறை தேடி டவுனுக்குத் திரும்ப யாருக்குத் துணிச்சல் வரும்? அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கொடுத்தோம்.

மேலே போனால் கண்ணாடியும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. பிளைவுட் சுவர், தகரக் கூரை, சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. கழிப்பறை முப்பது அடி தள்ளி, இன்னும் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துப் பொதுவில். மாமியார் ராத்திரி எழுந்து போக டார்ச்சோடு ஆள் துணை வேண்டியிருந்தது. வெந்நீர் வாளி 100 ரூபாய். குடிக்கத் தண்ணீர் கேட்டால் ஒரு லிட்டர் பாட்டில் 60 ரூபாய். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் பாட்டிலே கூடாது என்று சோதனைச் சாவடியில் நம் பையைத் திறந்து பார்க்கிறார்கள், அங்கே அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள்!

இதையெல்லாம்கூடச் சகித்துக்கொள்ளலாம். குளிர் வேறு விஷயம். டிசம்பர், ஜனவரியில் மேல்மலையில் உறைபனி விழும் காலம். ஹீட்டர் எங்கே என்று கேட்டேன். அங்கே வேலை பார்க்கும் பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அக்கா, இங்க கரண்ட் லோடு தாங்காது. கரி அடுப்பு தர்றேன், உள்ள வச்சுக்கங்க. 400 ரூபா. எல்லாரும் வாங்கிப்பாங்க."

கதவைச் சாத்திய அறைக்குள் கரி அடுப்பு! 2023 ஆகஸ்டில் இதே கொடைக்கானலில் திருச்சியிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள் பார்பிக்யூ அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கி, காலையில் எழுந்திருக்கவே இல்லை. செய்தித்தாள்களில் எல்லாம் வந்தது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. புகை தெரிந்தால் இருமி எழுவோம், இது தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். தணல் மட்டும்தானே, புகையே இல்லையே என்று பெரியவர்கள் சொல்வார்கள், கேட்காதீர்கள். கணகணவென்று சிவந்திருக்கும் தணலும் அதே வாயுவைத்தான் விடுகிறது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பதையும் நம்ப வேண்டாம்.

வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். பக்கத்துக் கேபின்காரர்களிடமும் போய்ச் சொன்னோம். அவர்கள் ஏற்கெனவே உள்ளே வைத்திருந்தார்கள், நல்லவேளை வெளியே எடுத்துவிட்டார்கள். எல்லாரும் ஒரே கேபினில் நெருக்கிப் படுத்து, கொண்டுபோன ஸ்வெட்டர், துண்டு, சேலை வரை போர்த்திக்கொண்டு விடியும்வரை கிடந்தோம். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபமில்லை. சம்பளத்துக்கு இருப்பவன், சொல்லச் சொன்னதைச் சொல்கிறான்.

விடிந்ததும் இறங்கிவிட்டோம். இரண்டாவது இரவுக்கான பணத்தைக் கேட்டபோது "நான்-ரீஃபண்டபிள் மேடம், ஸ்டோரியில போட்டிருக்கோமே" என்று பதில் வந்தது. 24 மணி நேரத்தில் மறைந்துபோகிற ஸ்டோரி! பில் கேட்டேன், எண்ணை பிளாக் செய்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டால், அது கேரளாவில் வாகமண் பக்கம் இருக்கும் வேறொரு விடுதியின் படம்.

இப்படி மாட்டியவர்கள் சும்மா விடாதீர்கள். பணம் போட்டபின் ஆளே காணாமல் போனால், அல்லது அப்படி ஓர் இடமே இல்லை என்றால், உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். நேரம் கடந்தால் பணத்தை முடக்குவது கஷ்டம். எங்களைப் போல இடம் இருந்து சொன்னது எதுவும் இல்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வாட்ஸ்அப் பேச்சு, ஜிபே ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், அங்கே எடுத்த வீடியோ இந்த நான்கும் கையில் இருக்கட்டும். விளம்பரத்தை முன்பணம் போடும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு அது இருக்காது.

இன்னும் போகத்தான் வேண்டும் என்பவர்களுக்கு: சுற்றுலாத் துறைப் பதிவு எண் கேளுங்கள். கேபினின் சரியான லொகேஷன் கேளுங்கள். உள்ளே நின்றபடி வீடியோ காலில் ஹீட்டரையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். "நெட்வொர்க் இல்லை மேடம்" என்பார்கள். மேல்மலையில் அது பாதி நிஜமும்கூட, அப்படியென்றால் அன்றைய தேதியைச் சொல்லிக்கொண்டே ஒரு வீடியோ எடுத்து அனுப்பட்டும். ஜீப் உண்டா, எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மதியம் இரண்டு மணிக்குள் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் மீதிப் பணம் என்று சொல்லிவிடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களிடம் போக வேண்டாம்.

1915-இல் புகார் பதிவாகியிருக்கிறது, பணம் இன்னும் வரவில்லை. அந்த இன்ஸ்டாகிராம் கணக்கு இப்போது வேறு பெயரில் ஓடுகிறது, படம் அதே படம்தான். கேபின் வாசலில் மஞ்சள் நிற ஊஞ்சல் நாற்காலி, வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட ஒரு நீல ஜீப். பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.