சிலிக்கான் கார்பைடு இழைக்கு எந்தப் பூச்சு: பைரோகார்பனா, போரான் நைட்ரைடா?

எரிவாயுச் சுடரின் அருகே நிற்க வேண்டிய ஒரு சிறு பாகத்துக்காக, சிலிக்கான் கார்பைடு இழைகளைச் சிலிக்கான் கார்பைடிலேயே பதித்த கூட்டுப்பொருளை எங்கள் ஆய்வகத்தில் செய்ய வேண்டியிருந்தது. இழைக்குப் பைரோகார்பன் (வாயுவைச் சிதைத்துப் படியவைக்கும் கார்பன்), போரான் நைட்ரைடு என்ற இரு பூச்சுகளில் போரான் நைட்ரைடைத் தேர்ந்தெடுத்தோம். இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

பூச்சின் வேலை இரண்டிலும் ஒன்றுதான். இழையும் அதைச் சூழ்ந்த பீங்கானும் இறுக ஒட்டிக்கொண்டால், சூழ்பொருளில் பிறக்கும் விரிசல் இழையையும் அறுத்துக்கொண்டு போகும். இடையில் மெல்லிய, ஏடு ஏடாகப் பிரியக்கூடிய பூச்சு இருந்தால் விரிசல் அங்கே திசை திரும்பிவிடும், இழை முறியாமல் சுமையைத் தாங்கும். ஆகவே அறை வெப்பநிலையில் எடுத்த வலிமை அட்டவணையை வைத்து இவ்விரண்டையும் தரம் பிரிப்பதில் பெரிய பயனில்லை. ஹை-நிக்கலான் என்ற வணிகப் பெயருள்ள சிலிக்கான் கார்பைடு இழையின் இழுவலிமை ஏறத்தாழ 2.8 கிகாபாஸ்கல், அதன் டைப் எஸ் வகைக்கு ஏறத்தாழ 2.6, சில நூறு நானோமீட்டர் பூச்சு இதைக் கூட்டப்போவதில்லை, சரியாகப் படியாவிட்டால் குறைக்கத்தான் செய்யும்.

பைரோகார்பனின் நிறைகளை மறைக்க வேண்டியதில்லை. மீத்தேன் அல்லது புரோப்பேன் வாயுவைச் சிதைத்தே அதைப் படியவைக்கலாம். போரான் நைட்ரைடுக்கு வழக்கமாகப் போரான் டிரைகுளோரைடும் அம்மோனியாவும் வேண்டும். கூடவே பிறக்கும் ஹைட்ரஜன் குளோரைடு இழையை அரிக்கக்கூடியது, அம்மோனியம் குளோரைடோ குளிர்ந்த வெளியேற்றுக் குழாய்களில் படிந்து அடைக்கும். அணு உலைக்கான பாகம் என்றால் கேள்வியே இல்லை: போரான்-10 நியூட்ரானை விழுங்கி ஹீலியமாகவும் லித்தியமாகவும் உடைவதால், அங்கே கார்பனே ஏற்றது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது 600 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரையிலான இடைநிலை வெப்பம். கார்பன் காற்றில் ஏறத்தாழ 500 டிகிரியிலேயே எரியத் தொடங்குகிறது, எரிந்தபின் வாயுவைத் தவிர எதையும் விட்டுச்செல்வதில்லை. விரிசல் வழியே நுழையும் ஆக்சிஜன் பூச்சைத் தின்றுகொண்டே இழை நெடுக உள்ளே போகிறது. வெறுமையான இழையின் மேல் சிலிக்கா, அதாவது சிலிக்கானின் ஆக்சைடு, வளர்ந்து, அதைச் சூழ்பொருளோடு பற்றவைத்துவிடுகிறது. 1200 டிகிரியில் சிலிக்கா விரைந்து வளர்ந்து விரிசலின் வாயை அடைத்துவிடுவதால், குறைந்த வெப்பத்தில்தான் சேதம் அதிகம் என்ற விபரீதம் நேர்கிறது. உச்ச வெப்பத்தில் மட்டும் சோதித்துத் தேர்ச்சி என்று எழுதுபவர்கள் இதைத் தவறவிடுவார்கள். சுடரருகே நிற்கும் பாகமோ ஒவ்வொரு முறை ஏற்றி அணைக்கும்போதும் இந்த எல்லையைக் கடக்கிறது, அதன் ஓரங்கள் எந்நேரமும் அதிலேயே கிடக்கின்றன.

போரான் நைட்ரைடு கார்பனைவிடச் சில நூறு டிகிரி கூடுதலாகத் தாங்குகிறது. ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் அது தரும் போரான் ஆக்சைடு 450 டிகிரிக்கு மேல் திரவம். சிலிக்காவைக் கரைத்துக்கொண்டு போரோசிலிக்கேட் கண்ணாடியாகி விரிசலுக்குள் நிரம்புகிறது. 2016 முதல் பயணிகள் விமானங்களில் பறக்கும் லீப் இயந்திரத்தின் டர்பைன் உறை வளையங்கள் போரான் நைட்ரைடு பூசிய இழைகளைக் கொண்ட கூட்டுப்பொருளால் ஆனவை என்பதும் எங்களுக்குத் துணிவு தந்தது.

இதன் பலவீனம் நீராவி. எரிபொருள் எரியும் இடத்தில் அது இல்லாமல் இராது. அது போரான் ஆக்சைடை ஆவியாகும் சேர்மங்களாக்கிக் கொண்டுபோய்விடும், பிறகு காக்கும் கண்ணாடியும் குறையும். குறைந்த வெப்பத்தில் படியவைத்த, ஒழுங்கற்ற போரான் நைட்ரைடு காற்றின் ஈரத்தைக்கூட உறிஞ்சும். ஈரச் சூழலில் நீண்டகாலம் ஓட்டிப் பார்த்த அனுபவம் எங்களுக்குப் போதாது என்பதால், இந்த இடத்தில் என் பரிந்துரையைச் சற்றுத் தளர்த்தியே எடுத்துக்கொள்ள வேண்டும். உயர்ந்த வெப்பத்தில் படியவைத்ததோ சிலிக்கான் கலந்ததோ ஆன பூச்சு ஈரத்தை மேலும் நன்றாக எதிர்க்கிறது. விலை கேட்கும்போதே இவ்விரண்டையும் கேட்டுவிடுவது நல்லது. நூற்றுக்கணக்கான இழைகள் சேர்ந்த கற்றையில் வெளிவரிசை தடிப்பாகவும் நடுப்பகுதி மெலிதாகவும் பூசப்படுவது வழக்கம் என்பதால், ஒற்றை இழைச் சோதனைக்கான மாதிரிகளைக் கற்றையின் நடுவிலிருந்தும் உருவி எடுக்க வேண்டும்.