அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லிட்டிக் கடை

குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உட்கார இடம் கிடையாது. ஒரு பெஞ்ச் இருக்கிறது. அதில் மூன்று பேர் உட்கார்ந்துவிட்டால் நாலாவது ஆள் சாக்கடை மேல் போட்ட கல் பலகையில் நின்றுதான் சாப்பிட வேண்டும். சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் கொசு பிடுங்கும். கை கழுவ ஒரு டிரம்மும் மக்கும்தான். பெயர்ப் பலகை இல்லை. ஒரு ஃப்ளெக்ஸில் மூன்று வரி இந்தி, அதன் கீழே தமிழில் 'லீட்டி' என்று யாரோ தப்பாக அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். அது லிட்டி. இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இன்னும் மாற்றவில்லை.

அப்படியிருந்தும் வாரத்தில் இரண்டு மதியமாவது எனக்கு அங்கேதான் சாப்பாடு.

எஸ்டேட் பஸ் ஸ்டாண்டிலிருந்து பொடிநடையாகப் போகிற தூரத்தில், மாடியில் ஒரு ரூம் எடுத்து லேத்து பட்டறைகளுக்கும் பவுடர் கோட்டிங் யூனிட்டுகளுக்கும் ஜிஎஸ்டி ஃபைல் பண்ணிக் கொடுக்கிறேன். டிபன் பாக்ஸ் மறந்த ஒரு நாள், புகை வந்த திசையில் போய் நின்றதுதான் ஆரம்பம்.

லிட்டி பீகார் சாப்பாடு. தெரியாதவர்களுக்கு: கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து, எலுமிச்சையைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து உள்ளே சத்து வைத்து மூடுகிறார்கள். சத்து என்றதும் நாம் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுக்கும் சத்துமாவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. அதில் ஓமம், கருஞ்சீரகம், பூண்டு, பச்சை மிளகாய், ஊறுகாயிலிருந்து வழித்த மசாலா, கொஞ்சம் கடுகு எண்ணெய். உதிரியாகத்தான் இருக்க வேண்டும், பிடித்தால் மட்டும் பிடிபட வேண்டும். உருண்டையைத் தணலில் போட்டுத் திருப்பித் திருப்பிச் சுட்டு, சாம்பலைத் துணியால் தட்டிவிட்டு நெய்யில் முக்கித் தருகிறார்கள். பிட்டால் மேல்தோல் படீரென்று உடைய வேண்டும். இங்கே உடைகிறது. நகரத்தில் வேறு சில இடங்களில் ஓவனில் வைத்துக் கொடுத்ததைச் சாப்பிட்டிருக்கிறேன், அது உள்ளே கடலை மாவு வைத்த பன்.

இங்கே ஓவன் கிடையாது, வறட்டிதான். கடைக்காரர்களின் ஊரில் வறட்டியை கோய்ட்டா என்கிறார்களாம். கொரட்டூர் பக்கம் மாடு வைத்திருக்கும் ஒருவரிடம் நான்தான் ஏற்பாடு செய்துகொடுத்தேன். முதல் முறை நூறு வறட்டி கேட்டபோது அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும்மா தவறிட்டாங்க?" என்றார். சென்னையில் மொத்தமாக வறட்டி வாங்குவது எதற்கென்று அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லிட்டி சுட என்றதும் இன்னும் குழம்பிப்போனார்.

சோக்கா என்பது சுட்ட கத்தரிக்காய், சுட்ட தக்காளி, அவித்த உருளைக்கிழங்கு எல்லாம் சேர்த்துப் பிசைந்தது. நம் கொத்சுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே பச்சையாகக் கடுகு எண்ணெய் விடுவார்கள், நேராக மூக்கில் ஏறும். பழகாதவர்கள் எண்ணெய் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டு லிட்டி, சோக்கா, வெங்காயம், பச்சை மிளகாய் 60 ரூபாய். நெய் சேர்த்தால் 80. சத்து சர்பத் 25. உப்பும் எலுமிச்சையும் பொடியாக நறுக்கிய வெங்காயமும் போட்டுக் கரைத்தது. மே மாதத்தில் ஒரு டம்ளர் குடித்தால் மூன்று மணி வரை பசிக்காது.

சனிக்கிழமை மட்டும் மெனு மாறும். அன்று மீன். அன்று அடுப்பும் கைமாறும். மற்ற நாட்களில் தணல் பக்கம் நிற்பவர் கணவர், சனிக்கிழமை மனைவி. ரோகு மீனைக் கடுகு எண்ணெயில் பொரித்து, அரைத்த கடுகும் பூண்டும் சேர்த்த குழம்பில் போட்டுச் சோற்றோடு தருகிறார், 120 ரூபாய். புளி இல்லாத மீன் குழம்பா என்று முதல் நாள் என் நாக்கு கடைசி வாய் வரை புளியைத் தேடிக்கொண்டே இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை தேடுவதை நிறுத்திவிட்டது. ஒரு மணிக்குள் போய்விடுங்கள், அப்புறம் வால் துண்டுதான் கிடைக்கும்.

இந்தக் கைமாற்றத்துக்குக் காரணம் இருக்கிறது. கணவர் பீகாரில் மேற்குச் சம்பாரண், நேபாள எல்லையை ஒட்டிய மாவட்டம், போஜ்புரிக்காரர். மனைவி சுபௌல் மாவட்டம், கோசி ஆற்றுப் பக்கம், மைதிலி பேசுகிறவர். நாம் பீகாரி, இந்திக்காரங்க என்று இருவரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம். நானும் அப்படித்தான் பிரசார சபாவில் ராஷ்ட்ரபாஷா வரை பாஸ் பண்ணின தைரியத்தில் இந்தியில் பேச ஆரம்பித்தேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, கல்யாணமான புதிதில் மாமியார் பேசியது தனக்கே பாதிதான் புரிந்தது என்றார். மைதிலி 2003-இல் அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் சேர்ந்துவிட்டது, போஜ்புரி இன்னும் சேரவில்லை. கணவரைச் சீண்ட வேண்டுமென்றால் மனைவிக்கு அது ஒன்று போதும். இப்போது இருவரும் என்னிடம் தமிழில்தான் பேசுகிறார்கள். தீதி என்று ஆரம்பித்தது, அக்கா ஆகிவிட்டது.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு படிவத்தால். 2024 ஆகஸ்டில் பீகாரில் நில சர்வே தொடங்கியது. நிலம் வைத்திருப்பவர்கள் வம்சாவளி எழுதித் தர வேண்டும்: பழைய பதிவேட்டில் யார் பெயரில் நிலம் இருந்ததோ அவரிலிருந்து இன்றைய வாரிசு வரை. ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் பழைய கதியானின் போட்டோ வந்தது. நம் பட்டா, அடங்கல் மாதிரி ஒரு காகிதம். படித்துச் சொல்லுங்கள் என்று கணவர் என்னிடம் நீட்டினார். ஓர் எழுத்து புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது இந்தி எழுதுகிற நாகரியே இல்லை, கைத்தி என்ற பழைய எழுத்து. அவருக்கும் படிக்க வராது. தன் குடும்பத்தின் சொத்துக் காகிதத்தைப் படிக்க, ஊரில் கைத்தி தெரிந்த ஒரு கிழவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

சரி, வாய்வழியாகத் தெரிந்ததை எழுதுவோம் என்று என் பில் புக்கின் பின்பக்கத்தில் ஆரம்பித்தோம். தாத்தா கரும்பு போட்டவர். அப்பா நாற்று நடவுக்குப் பஞ்சாப் போய் வந்தவர். கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா காலத்தில் அவுரி, நீலச் சாயம் எடுக்கும் செடி. வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் ஒரு பிகா, அதாவது இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவில் அவுரி போட்டே ஆக வேண்டும் என்று வைத்திருந்த தீன்கட்டியா முறை. 1917 ஏப்ரலில் காந்தி சம்பாரணில் மோதிஹாரிக்கு வந்ததும், அடுத்த வருடம் சட்டம் போட்டு அதை ஒழித்ததும் நாம் பாடத்தில் படித்ததுதான். என் பாட்டிக்குத் திண்டிவனம் பக்கம், அவுரி என்றதும் அவர் சொன்ன நாற்றம் ஞாபகம் வந்தது. "உங்க வீட்ல யாராவது காந்தியைப் பார்த்திருக்காங்களா?" என்று கேட்டேன். "அக்கா, சம்பாரண்ல எல்லார் வீட்டுக் கொள்ளுத்தாத்தாவும் காந்தியைப் பார்த்தவர்தான்" என்றார் தணலைக் கிளறிக்கொண்டே.

மனைவி பக்கம் எழுத வேண்டிய அவசியம் இல்லை, நிலமும் பெரிதாக இல்லை. ஆனால் கதை அங்கேதான். 1950-களில் கோசிக்கு இரண்டு பக்கமும் கரை கட்ட ஆரம்பித்தபோது, அவர் தாத்தாவின் ஊர் இரண்டு கரைகளுக்கும் நடுவில் சிக்கிக்கொண்டது. வருஷா வருஷம் தண்ணீர். பொறுத்துப் பார்த்துவிட்டு கிழக்குக் கரையைத் தாண்டி, பத்திரமான பக்கம் என்று குடி போனார்கள். 2008 ஆகஸ்ட் 18 அன்று நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் உடைந்தது அதே கிழக்குக் கரைதான். ஆறு தன் பழைய தடத்துக்குத் திரும்பி, பத்திரமான பக்கத்தின் மேல் ஓடியது. அவருக்கு அப்போது பத்து வயது. வாய்க்கால் மேட்டில் ஒரு மாதம் தார்பாயின் கீழே இருந்தார்களாம். அவலும் வெல்லமும்தான் சாப்பாடு. இன்றைக்கும் அவல் தொட மாட்டார்.

2015 டிசம்பரில் எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்ற கதையை நானும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "உங்க தண்ணி வடிஞ்சுதா?" என்றார். நாலு நாளில் வடிந்தது. "எங்களுக்கும் வடிஞ்சுது. வயல்ல மணல் நின்னுடுச்சு." அந்த மணலால்தான் அவர் அப்பா குடும்பத்தோடு முசாபர்பூரில் உறவினர் வீட்டுக்குப் போனார். அங்கே ஒரு சித்தி மூலமாகத்தான் சம்பாரண் சம்பந்தம் வந்தது. சாப்ராவிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸில் இரண்டு இரவு பயணம் செய்து இருவரும் சென்ட்ரலில் இறங்கியது அதற்குப் பிறகு.

இன்னொரு குறை: தீபாவளி முடிந்து ஆறாம் நாள் சட் பூஜை. அதையொட்டிச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாரம் கடையை மூடிவிடுவார்கள். முதல் வருடம் இரண்டு முறை போய்த் திரும்பினேன். அடுத்த வருடம் என்னையும் மெரினாவுக்குக் கூப்பிட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் 36 மணி நேரம் விரதம். மறைகிற சூரியனுக்கு ஒரு முறை, மறுநாள் உதிக்கிற சூரியனுக்கு ஒரு முறை தண்ணீரில் நின்று அர்க்கியம். ஆனால் மெரினாவில் சூரியன் கடலில் உதிக்கத்தான் செய்யும், மறையாது. முழங்கால் அளவு கடலில், முறத்தில் பழங்களோடு, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கும் சூரியனைப் பார்த்து அந்த அம்மா நின்றார். பின்னாலிருந்து அலை தள்ளும்போதெல்லாம் கணவர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் டேக்குவா கொடுத்தார்கள், கோதுமை மாவும் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பொரித்தது. அதிரசத்தைவிட முறுக்கு, வாசனை கிட்டத்தட்ட அதே. அது பிரசாதம், கடையில் விற்க மாட்டார்கள். கேட்காதீர்கள்.

வம்சாவளியை முடித்த அன்று நான் மதியம் போயிருந்தேன். எழுதியதையெல்லாம் படித்துப் பார்த்தால் ஆறு தலைமுறை ஆண்கள். பெண் பெயர் ஒன்றுகூட இல்லை. அத்தைகள் பெயரைக் கேட்டேன், சொன்னார். பாட்டி பெயர் கேட்டேன். "பேத்தியாவாலி" என்றார். அது பேத்தியாவிலிருந்து வந்தவள் என்று அர்த்தம், ஊர்ப் பெயர். கட்டிக்கொண்டு வந்த பெண்ணை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மனைவி சிரிக்காமல் சொன்னார், "என்னை சுபௌல்வாலி." சரி, பாட்டியின் சொந்தப் பெயர்? அவர் அம்மாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அம்மாவுக்கும் தெரியவில்லை. அவர் பெரிய அத்தைக்குப் போட்டார்கள். அந்தக் கிழவிக்குக் காது கேட்கவில்லை. இரண்டு முறை கத்திக் கேட்ட பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் பெயர் வந்தது. மனைவிதான் என் பேனாவை வாங்கி எழுதினார்.

தணலில் கிடந்த என் லிட்டி இரண்டும் அதற்குள் கரியாகிவிட்டன. அவற்றைச் சுவரோரம் காக்கைக்கு வைத்துவிட்டுப் புதிதாக உருட்ட ஆரம்பித்தார். இருபது நிமிடம் தாமதம். அன்றைக்குக் காசு வாங்கவில்லை.