டிஎன்ஏ கிட்டில் பூர்வீகம் தெரியுமா? ஆன்செஸ்ட்ரி, 23அண்ட்மீ, ஃபேமிலிட்ரீ ஓர் ஒப்பீடு

எச்சிலை அனுப்பினால் டிஎன்ஏவைப் படித்துப் பூர்வீகம் சொல்லும் கிட்களை விற்கிறது ஆன்செஸ்ட்ரி நிறுவனம். அது சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க டிவியில் ஒரு விளம்பரம் ஓட்டியது. ஜெர்மானிய வம்சம் என்றே வளர்ந்தவர் சோதனை முடிவைப் பார்க்கிறார். ஜெர்மானியத் தோல் அரைக்கால்சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்காட்லாந்து ஆண்கள் உடுத்தும் கில்ட் பாவாடைக்கு மாறுகிறார். இந்த கிட்கள் விலைபோவது, எந்த வட்டாரத்துப் பூர்வீகம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் இந்தக் கணக்கால்தான். அவற்றில் மட்டமான சரக்கும் அதுதான்.

உங்கள் டிஎன்ஏவில் ஆறேழு லட்சம் புள்ளிகளை மட்டும் படித்து, இன்று அந்தந்த வட்டாரத்தில் வாழ்பவர்களின் மாதிரிகளோடு ஒப்பிடுகிறார்கள். மாதிரிக் கூட்டமும் கணக்குப் போடும் விதமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. 2019இல் கனடாவின் சிபிசி டிவி, அச்சு அசல் இரட்டைச் சகோதரிகளின் எச்சிலை ஐந்து கம்பெனிகளுக்கு அனுப்பிப் பார்த்தது. மைஹெரிடேஜ் இருவருக்கும் சுமார் 60% பால்கன் (தென்கிழக்கு ஐரோப்பா) என்றது. ஆன்செஸ்ட்ரியோ கிழக்கு ஐரோப்பா 38, 39% என்றது. 23அண்ட்மீ ஒருத்திக்கு மட்டும் 2.6% பிரெஞ்சு-ஜெர்மன் கொடுத்தது; அதே டிஎன்ஏ கொண்ட மற்றவளுக்கு அது இல்லை!

சொந்தக்காரர்களைக் கண்டுபிடிப்பது வேறு கதை. சித்தப்பா பிள்ளைகள், அத்தை பிள்ளைகளோடு நமக்குச் சுமார் எட்டில் ஒரு பங்கு டிஎன்ஏ ஒத்துப்போகும். அதை எந்தக் கம்பெனியும் எளிதில் தவறவிடாது. தத்துப்போன பிள்ளைகள் பெற்றவர்களைத் தேடிப் பிடிப்பது இப்படித்தான். இங்கே கூட்டம்தான் பலம்: ஆன்செஸ்ட்ரியில் 2.5 கோடிப் பேருக்கு மேல், 23அண்ட்மீயில் 2025 தொடக்கத்தில் சுமார் 1.5 கோடி. நம் ஊர்க்காரர்கள் இதில் குறைவு என்பதால் நமக்கு வரும் பட்டியல் சப்பென்று இருக்கும். அப்பா என்று நினைத்தவர் அப்பா இல்லை என்பதும் இந்தப் பட்டியலில்தான் வெளிவரும். வேண்டுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஃபேமிலிட்ரீ டிஎன்ஏவின் தனிச்சரக்கு, அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமின் சோதனை. அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று ஆண்வழியை ஆழமாகத் தோண்டும். ஆனால் பத்துத் தலைமுறைக்கு முன்னால் உங்கள் வம்ச மரத்தில் 1,024 மூதாதையர் இடங்கள். இது சொல்வது அதில் ஒரே ஒருவரைப் பற்றி.

அப்புறம் பாதுகாப்பு. 23அண்ட்மீயில் 2023இல் சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் புகுந்தார்கள். உறவினர் பட்டியல் வழியாக 69 லட்சம் பேரின் தகவல் போனது. 2025 மார்ச்சில் கம்பெனியே திவால் மனு போட்டது; பிறகு அதன் இணை நிறுவனரின் லாபநோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது.

சரி, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அதுவும் உறவுகளைத் தேடத்தான் என்றால், ஆன்செஸ்ட்ரி. வேறு கம்பெனியில் எடுத்த டிஎன்ஏ ஃபைலை அது ஏற்காது. அதன் ஃபைலை ஃபேமிலிட்ரீ ஏற்கும், அங்கே பதிவேற்றி இன்னொரு வலை வீசலாம். அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்கு ஃபேமிலிட்ரீயின் தரவுத்தளம் திறந்திருப்பது 2019இலேயே வெளிவந்துவிட்டது; போலீஸ் தேடலில் சேர விருப்பமில்லையென்றால் பதிவேற்றியதும் செட்டிங்ஸில் போய் அதை நிறுத்திவிடுங்கள்.