பழைய ஃபைபர் படகுக்கு மறு இன்ஜின்: டிரான்சத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

முப்பது வயதைக் கடந்த 20 அடி ஃபைபர் படகு. ஸ்டெர்ன்டிரைவ் இன்ஜின் (இன்ஜின் படகுக்குள்ளே, ப்ரொப்பெல்லர் தாங்கிய கால், அதாவது டிரைவ், பின்சுவருக்கு வெளியே) இறுகிக் கிடக்கிறது. பேச்சு பெரும்பாலும் "எத்தனை குதிரைத்திறன் போடலாம்?" என்றுதான் தொடங்கும். அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். பழைய இன்ஜினையே புதுப்பிப்பதா, முழு இன்ஜினும் பின்சுவருக்கு வெளியே தொங்கும் அவுட்போர்டுக்கு மாறுவதா, டீசலா, மின்சாரமா என்ற நான்கில் எது பொருந்தும் என்பதை இன்ஜின் பட்டியலைவிடப் படகின் பின்சுவரான டிரான்சம்தான் தெளிவாகச் சொல்லும்.

டிரான்சம் என்பது இரண்டு ஃபைபர் தோல்களுக்கு நடுவே ப்ளைவுட் வைத்து அழுத்திய பலகை. ஏணி, வடிகால் குழாய், சென்சார் என்று எதற்காகவோ போட்ட திருகுத் துளைகள் வழியே ஈரம் நுழைந்தால் நடுவிலிருக்கும் மரம் உளுத்துவிடும். வெளித்தோல் பளபளவென்றே இருக்கும். சிறு பிளாஸ்டிக் சுத்தியலால் ஒரு கை இடைவெளிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இடம் கிண்ணென்று ஒலிக்கும், கெட்ட இடம் மொத்தென்று அடங்கும். பிறகு ஒருவர் டிரைவின் காலில் ஏறி நின்று எடையை அழுத்த, மற்றவர் டிரைவின் இணைப்புத் தட்டுக்கும் டிரான்சத்துக்கும் இடையிலான விளிம்பைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் அசைவு இருந்தால் மரம் போய்விட்டது.

உறுதிசெய்ய உள்பக்கத்திலிருந்து 5 மி.மீ. துளைகள் போடுங்கள். வெளித்தோலை எட்டாதபடி பிட்டில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். வடிகாலுக்கு அருகில், டிரைவின் துவாரத்தின் கீழ் விளிம்பில், ஸ்ட்ரிங்கர்கள் (அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்கு விட்டங்கள்) டிரான்சத்தைத் தொடும் இடங்களில் என ஆறு, ஏழு துளைகள் போதும். வெளிர்நிறச் சுருளாக மரத்தூள் வந்தால் நல்லது. கறுத்து, நசநசவென்று, புளித்த வாடையோடு வந்தால் பலகையை மாற்றியே ஆக வேண்டும். துளைகளைப் பிறகு எபாக்சியால் அடைத்துவிடுங்கள். இதே துளை சோதனையை ஸ்ட்ரிங்கர்களிலும் தரைக்குக் கீழுள்ள மிதவை நுரையிலும் செய்யாமல் விடாதீர்கள். நீர் ஊறிய நுரை நூற்றுக்கணக்கான கிலோ எடையைச் சத்தமில்லாமல் ஏற்றி வைத்திருக்கும். டிரெய்லரோடு எடைமேடையில் ஏற்றினால் அது தெரிந்துவிடும்.

இதிலிருந்தே எங்கள் தீர்ப்பு வருகிறது. டிரான்சம் உறுதியாக இருந்தால் அதே வகை ஸ்டெர்ன்டிரைவைப் புதுப்பிப்பதே நேர்வழி. எப்படியும் டிரான்சத்தைப் பிரித்துக் கட்ட வேண்டுமென்றால், அந்த உழைப்போடு அவுட்போர்டுக்கு மாறிவிடுவது பெரும்பாலான படகுகளுக்கு நல்லது. பெரும்பாலான என்றுதான் சொல்கிறோம், எல்லாப் படகுகளுக்கும் அல்ல. காரணம் எடைக் கணக்கு, அதைப் பிறகு பார்ப்போம்.

பழைய ஸ்டெர்ன்டிரைவைப் புதுப்பித்தல்

இதன் பெரிய பலம், படகின் சமநிலை மாறுவதில்லை. வடிவமைத்தவர் எந்த எடையை எங்கே நினைத்தாரோ அது அங்கேயே இருக்கும். இன்ஜின் மேடை, எரிபொருள் குழாய், ஸ்டீயரிங் எல்லாம் ஏற்கெனவே உள்ளவை.

ஆனால் பழைய இன்ஜின் ஏன் செத்தது என்று கண்டுபிடிக்காமல் புது பிளாக்கை இறக்காதீர்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். கடல்நீரால் நேரடியாகக் குளிரூட்டப்படும் இன்ஜினில் புகைபோக்கி மேனிஃபோல்டும் அதன்மேல் ஏறும் குழாயான ரைசரும் உள்ளிருந்தே அரிக்கும். உப்பு நீரில் ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றை மாற்றுவது வழக்கம். அரித்த ரைசர் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். பிஸ்டன் அந்தத் தண்ணீரை அழுத்த முயலும்போது கனெக்டிங் ராடு வளையும். பழைய மேனிஃபோல்டுகளையே புது பிளாக்கில் பூட்டினால் அதே மரணம் மீண்டும் வரும்.

இன்னும் இறுகாத இன்ஜின் என்றால் கம்ப்ரஷன் சோதனையிலிருந்து தொடங்குங்கள். எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து அளக்க வேண்டும். சிலிண்டர்களுக்கிடையே 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தால் உள்ளே பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் தாழ்ந்திருந்தால் வால்வு அல்லது ரிங். அடுத்தடுத்த இரண்டும் சேர்ந்து தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட்.

மாற்று பிளாக் வாங்கும்போது மூன்று இடங்களில் கவனம் தேவை. ஜெனரல் மோட்டார்ஸ் சின்ன பிளாக் வி8 இன்ஜினில் 1986-ஆம் ஆண்டு மாடலிலிருந்து கிராங்க்கின் பின் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாறியது. ஃப்ளைவீல் அதற்கேற்ப மாறும், பழையது பொருந்தாது. இரட்டை இன்ஜின் படகுகளில் ஒன்று எதிர்த்திசையில் சுழல்வதாக இருக்கலாம், அதற்குச் சாதாரண பிளாக் ஆகாது. மூன்றாவது, டிரைவின் கியர் விகிதம். மெர்குரியின் மெர்க்ரூஸர் ஆல்ஃபா டிரைவில் 4 சிலிண்டர் இன்ஜினுக்கு ஏறத்தாழ 2:1, வி6-க்கு 1.8-ஐ ஒட்டி, வி8-க்கு 1.5-ஐ ஒட்டி வரும். 4 சிலிண்டருக்கான டிரைவை வைத்துக்கொண்டு வி8-ஐ இணைத்தால் ப்ரொப்பெல்லர் கணக்கே குலைந்துபோகும்.

கார் உதிரிபாகம் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடிவயிற்றில் தேங்கி நிற்கும். கார் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றிலிருந்து தீப்பொறி வெளியே வரும். படகுக்கானவை பொறி வெளியேறாதபடி மூடப்பட்டவை. கார்புரேட்டரும் அப்படியே: படகுக்கானதில் வழிந்த பெட்ரோல் உள்ளேயே திரும்பும், காருக்கானதில் வெளியே கொட்டும். ஸ்டார்ட் செய்வதற்கு முன் நான்கு நிமிடம் புளோயர் (ஆவியை வெளியேற்றும் விசிறி) ஓட வேண்டும் என்ற விதியும் இந்த ஆவிக்காகத்தான்.

இன்ஜின் வெளியே இருக்கும்போதே மூன்று பெல்லோஸ் (ரப்பர் மடிப்பு உறைகள்), கிம்பல் பேரிங் (டிரைவின் தண்டைத் தாங்குவது), நீர் பம்ப்பின் இம்பெல்லர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பெல்லோஸ் கிழிந்தால் படகு மூழ்கும், இதில் மிகைப்படுத்தல் இல்லை. இன்ஜினை இறக்கியபின் அலைன்மென்ட் கம்பி கிம்பல் பேரிங் வழியாக, இன்ஜினை டிரைவோடு இணைக்கும் கப்ளரின் பற்களுக்குள் இரு விரல் விசையில் வழுக்கிச் செல்ல வேண்டும். சுத்தியல் தேவைப்பட்டால் முன் மவுண்டுகளின் உயரத்தை மீண்டும் சரிசெய்யுங்கள். இதை அவசரத்தில் விட்டால் கப்ளரின் பற்கள் தேய்ந்து, ஒருநாள் இன்ஜின் மட்டும் சுழலும், படகு நகராது.

அவுட்போர்டுக்கு மாறுதல்

4.3 லிட்டர் வி6 ஸ்டெர்ன்டிரைவ் முழுத் தொகுப்பு 400 கிலோவை ஒட்டி வரும். மெர்குரியின் 150 குதிரைத்திறன் ஃபோர்ஸ்ட்ரோக் 206 கிலோ, அதே நிறுவனத்தின் 3.4 லிட்டர் வி6 225 குதிரைத்திறன் 215 கிலோ. எடை பாதி குறைகிறது, இன்ஜின் அறை சரக்கறையாகிறது, பெட்ரோல் ஆவி தேங்கும் இடத்தில் தீப்பொறிக்கு வேலையில்லை. டிரான்சத்தில் நீர்மட்டத்துக்குக் கீழே பெல்லோஸ் கிடையாது. காலைத் தண்ணீரிலிருந்து முழுதாக மேலே தூக்கிவிடலாம். இன்னொன்று: அவுட்போர்டில் எழுதிய குதிரைத்திறன் ப்ரொப்பெல்லர் தண்டில் அளந்தது, மிகப் பழைய ஸ்டெர்ன்டிரைவில் எழுதியது பெரும்பாலும் கிராங்க்கில் அளந்தது. ஆகவே எண்ணுக்கு எண் ஒப்பிட்டு "குறைந்துவிடும்" என்று பயப்பட வேண்டாம்.

சிக்கல் எடை எங்கே போகிறது என்பதில். ஒரு தோராயக் கணக்கு போடுவோம். ஸ்டெர்ன்டிரைவில் 320 கிலோ இன்ஜின் டிரான்சத்துக்கு 0.6 மீட்டர் முன்னால், 80 கிலோ கால் 0.3 மீட்டர் பின்னால். முன்னோக்கி 192, பின்னோக்கி 24, மிச்சம் முன்பக்கம் 168 கிலோகிராம்-மீட்டர் (எடையைத் தூரத்தால் பெருக்கியது). இப்போது டிரான்சத்துக்குப் பின்னால் 0.75 மீட்டர் நீட்டிய பிராக்கெட்டில் (இன்ஜினைத் தாங்கும் சட்டம்) 206 கிலோ அவுட்போர்டு: அதன் எடைமையம் டிரான்சத்திலிருந்து ஏறத்தாழ 0.95 மீட்டர் பின்னால் நிற்கும், பின்னோக்கி 196. பிராக்கெட்டின் எடை 40 கிலோ என்றால் இன்னும் 16. மொத்தம் 212. ஆக மாற்றம் 380 கிலோகிராம்-மீட்டர். இதை ஈடுகட்ட 100 கிலோவை 3.8 மீட்டர் முன்னால் நகர்த்த வேண்டும். பேட்டரி, எரிபொருள் தொட்டி இரண்டையும் நகர்த்தினாலும் 20 அடிப் படகில் அது முழுதாக நிறைவேறாது. நின்ற நிலையில் பின்பக்கம் தாழ்ந்து, தானாக நீர் வடியும் தளத்தின் துளைகள் வழியே தண்ணீர் உள்ளே வரும்.

ஆகவே பிராக்கெட் வேண்டுமென்றால் மூடிய பெட்டி வடிவில், தானே மிதக்கும் வகையாகப் பாருங்கள். திறந்த சட்டக பிராக்கெட் எடையை மட்டும் தரும். 22 அடிக்குக் குறைந்த படகுகளில் டிரான்சத்திலேயே நேரடியாக மாட்டுவதுதான் எங்கள் விருப்பம். மேலே சொன்ன கணக்கில் அப்போது பின்னோக்கி 41 மட்டுமே, மாற்றம் 209 ஆகக் குறைகிறது. அதற்கு டிரான்சத்தின் உயரம் இன்ஜின் தண்டின் நீளத்தோடு ஒத்துப்போக வேண்டும்: லாங் ஷாஃப்ட் 508 மி.மீ., எக்ஸ்ட்ரா லாங் 635 மி.மீ. பிராக்கெட் வைத்தால் ஒவ்வொரு 25 முதல் 30 செ.மீ. நீட்டலுக்கும் இன்ஜினை ஏறத்தாழ 25 மி.மீ. உயர்த்துவது வழக்கமான தொடக்கம்.

பழைய டிரைவின் துவாரத்தை வெறும் பலகைத் துண்டால் அடைத்துப் பூசிவிடுவது மிக மோசமான வேலை. புது இன்ஜினின் முழு உந்துவிசையும் அந்தப் பகுதியைச் சுற்றித்தான் வரும். பழைய ஃபைபரை விளிம்பிலிருந்து 12-க்கு 1 சரிவில் தேய்க்க வேண்டும். 6 மி.மீ. தோலுக்குச் சுற்றிலும் 72 மி.மீ. அகலம். அந்தச் சரிவில் அடுக்கடுக்காகத் துணி வைத்தால்தான் பழையதும் புதியதும் ஒன்றாகும். ஸ்ட்ரிங்கர்களுக்கும் டிரான்சத்துக்கும் இடையே முக்கோண முட்டுகளும் தேவை.

டீசலும் மின்சாரமும்

டீசல் எரிபொருளை வெகுவாக மிச்சப்படுத்தும். முழு வேகத்தில் 150 குதிரைத்திறனுக்குப் பெட்ரோல் ஃபோர்ஸ்ட்ரோக் மணிக்கு 55 லிட்டரைத் தாண்டிக் குடிக்கும், டீசல் 32 லிட்டரை ஒட்டி நிற்கும். ஆனால் எடை கூடும், மேடையை வலுப்படுத்த வேண்டும், தொட்டிக்குத் திரும்பும் குழாய் புதிதாக வேண்டும். ஆண்டுக்குப் பல நூறு மணி நேரம் ஓடும் 25 அடிக்கு மேற்பட்ட படகுக்கு இது நியாயம். வார இறுதிப் படகுக்கு அல்ல.

மின்சாரத்தில் எண்கள் கறாராகப் பேசுகின்றன. 20 அடிப் படகு நீர்மேல் எழும்பி ஓட 40 முதல் 60 கிலோவாட் தேவை. 40 கிலோவாட்-மணி பேட்டரி 300 கிலோவை ஒட்டி வரும், 50 கிலோவாட்டில் 48 நிமிடம். ஏரியில் மெதுவாக 5 நாட் வேகத்தில் சுற்ற சில கிலோவாட் போதும், அந்தப் பயனுக்கு மட்டும் இது அருமையான வழி.

டிரான்சத்தின் நடுப்பலகை: மூன்று போட்டியாளர்கள்

மெரைன் ப்ளைவுட், கண்ணாடி இழை சேர்த்த அடர் நுரைப்பலகை, தோல்களுக்கிடையே ஊற்றும் கலவை என மூன்று. நுரைப்பலகைக்காரர்கள் எடையைப் பற்றி நிறையப் பேசுவார்கள். 2.2 மீட்டர் அகலம், 0.7 மீட்டர் உயரம், 40 மி.மீ. கனம் என்றால் கனஅளவு 0.0616 கனமீட்டர். ப்ளைவுட் ஏறத்தாழ 37 கிலோ, கனமீட்டருக்கு 416 கிலோ அடர்த்தியுள்ள நுரைப்பலகை 26 கிலோ. மிச்சம் 11 கிலோதான். அதன் உண்மையான பலம் உளுக்காது என்பது. பலவீனம், போல்ட்டை இறுக்கினால் நசுங்கலாம், திருகைப் பிடித்துக்கொள்ளாது. போல்ட்டுகளுக்குக் குழாய் உறையும் அகலமான தட்டும் வைக்க வேண்டும்.

ஊற்றும் கலவைக்கு மேல்விளிம்பைத் திறந்து, உளுத்த மரத்தைச் சுரண்டி எடுத்து, இரு தோல்களையும் விட்டுவைத்து ஊற்றினால் போதும். வெளியே பெயின்ட் வேலை மிச்சம். ஆனால் அடியில் ஒட்டிய ஈர மரம் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் அங்கே பிணைப்பு இருக்காது, அதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. நேரான, திறந்த மேல்விளிம்புள்ள அவுட்போர்டு படகுக்குச் சரி. டிரைவின் துவாரத்தைச் சுற்றி மூலைகள் நிறைந்த டிரான்சத்துக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். மெர்க்ரூஸர் டிரைவுக்கு 51 முதல் 57 மி.மீ. கனமும், இரு முகங்களும் 3 மி.மீ.க்குள் இணையாகவும் இருக்க வேண்டும். தோல்கள் புடைத்துக்கொண்டால் அந்த அளவு கிடைக்காது.

எங்கள் தேர்வு பிஎஸ் 1088 (மெரைன் ப்ளைவுட்டுக்கான பிரிட்டிஷ் தரநிலை) தர ப்ளைவுட், எபாக்சியில். 18 மி.மீ. பலகை இரண்டை ஒட்டி, எல்லா முனைகளையும் எபாக்சி குடிக்கக் குடிக்கப் பூசி, பற்பசை பதத்துக்குக் கெட்டியாக்கிய எபாக்சியில் பதியுங்கள். பலகையில் சில 6 மி.மீ. துளைகள் இருந்தால் காற்று வெளியேறும், பசை அவற்றில் எட்டிப்பார்ப்பதே நிரம்பியதற்கு அடையாளம். கிளாம்ப்பை வெறியோடு இறுக்காதீர்கள், பசை முழுதும் பிதுங்கி உலர்ந்த பரப்பு மிஞ்சும். பிற்பாடு போல்ட் வரும் இடங்களை 20 மி.மீ. துளையிட்டு, எபாக்சியால் நிரப்பி, நடுவே 12 மி.மீ. துளைத்தால் தண்ணீர் ஒருபோதும் மரத்தைத் தொடாது.

ரெசினில் பாலியெஸ்டர் மலிவு, புது மோல்டுக்கு நல்லது. ஆனால் இறுகிவிட்ட பழைய ஃபைபரின் மேல் எபாக்சியின் பிடிப்பே வலிமை, அமைப்புப் பழுதுக்கு அதைத்தான் எடுக்க வேண்டும். எபாக்சியோடு சாதாரண மேட் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு) சேர்க்காதீர்கள், அதன் இழைகளைப் பிணைக்கும் பசை பாலியெஸ்டரிலுள்ள ஸ்டைரீனில்தான் கரையும். தைத்த பையாக்ஸியல் (இரு திசை இழை) துணியே பொருத்தம். பாலியெஸ்டரில் ஹார்டனரை 1 முதல் 2 சதவீதத்துக்குள் வெப்பத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். எபாக்சியில் விகிதம் மாறவே கூடாது. ஹார்டனரைக் கூட்டினால் வேகமாக இறுகாது, என்றென்றும் ரப்பர் போலவே இருக்கும். இறுகிய எபாக்சியின் மேல் படியும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் கொண்டு கழுவிய பின்பே தேய்க்க வேண்டும். தேய்த்துவிட்டுக் கழுவினால் படலம் கீறல்களுக்குள் போய்விடும்.

கடைசியாகப் ப்ரொப்பெல்லர்

எந்த வழியைத் தேர்ந்தாலும் பழைய தொட்டியில் இருக்கும் பெட்ரோலைப் புது இன்ஜினுக்குக் கொடுக்காதீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஃபைபர் தொட்டிகளின் ரெசினைக் கரைத்துப் பிசுக்காக்கும், ஈர நுரையில் பதிந்த அலுமினியத் தொட்டி கீழிருந்து குழி விழும். 10 மைக்ரான் நீர் பிரிக்கும் ஃபில்டர் கட்டாயம்.

முதல் ஓட்டத்தில் வழக்கமான சுமையோடு முழு த்ராட்டிலில் இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று பாருங்கள். மெர்குரி 150-க்கு 5000 முதல் 5800, கார்புரேட்டர் வைத்த பழைய மெர்க்ரூஸருக்குப் பெரும்பாலும் 4400 முதல் 4800. குறைந்த சுற்றில் திணறினால் ப்ரொப்பெல்லரின் பிட்ச்சை (ஒரு சுற்றில் அது முன்னேற வேண்டிய கணக்குத் தூரம்) குறைக்க வேண்டும், ஒவ்வொரு அங்குலத்துக்கும் 150 முதல் 200 சுற்று கூடும். மேல் எல்லையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் ப்ரொப்பெல்லரைத் தேர்ந்தெடுங்கள், சுமை ஏறும் நாளில் அந்த இடைவெளி தேவைப்படும்.