முட்டைக்கோழிக்கு எந்தத் தண்ணீர்: மணற்கிணறா, குழாய்க்கிணறா, சபைக் குழாயா?

மட்டக்களப்பில் முட்டைக்கோழி வளர்ப்போர் தீன் மூடையின் விலையைப் பேசுகிற அளவுக்குத் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை. ஓட்டை நீக்கிவிட்டால் முட்டையில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர்தான். நாளொன்றுக்கு 110 கிராம் அளவில் தீன் தின்னும் கோழி 200 மில்லிலீற்றருக்கு மேல் குடிக்கிறது. ஆடி வெயிலில் அதனினும் அதிகம்.

எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணலில் கைக்கிணறு வெட்டுவது எளிது, செலவும் குறைவு. ஆனால் அங்கே மாரி மழையில் ஊறிய நன்னீர், கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாகவே மிதக்கிறது. கோடையில் மோட்டார் போட்டு அளவுமீறி இறைத்தால் கீழிருந்து உவர் மேலேறும். 2004 சுனாமிக்குப் பின் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்த இடங்களில் இதைக் கண்ணாரக் கண்டோம். லீற்றருக்கு 600 மில்லிகிராம் உப்பு என்பது நம் நாக்குக்கு இலேசாகவே தெரியும். முட்டையின் ஓடோ அதைத் தாங்குவதில்லை. 1980களில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகள், இந்த அளவு உப்பு கலந்த நீரைக் குடித்த கோழிகளில் கீறிய முட்டைகளும் மெல்லோட்டு முட்டைகளும் கூடியதையும், ஓடு உருவாகும் கருப்பைக்கு, ஓட்டைக் கட்டத் தேவையான இருகாபனேற்று (பைகார்பனேட்) போதிய அளவு கிடைக்காமற் போவதே அதற்குக் காரணம் என்பதையும், நல்ல நீருக்கு மாற்றிய பிறகும் குறை எளிதில் மீளவில்லை என்பதையும் காட்டின. ஓடு மெலிந்தவுடன் தீனைக் குறைசொல்லிச் சிப்பித்தூளைக் கூட்டுவது நம்மவர் வழக்கம். தண்ணீரில் உள்ள கோளாறு அதனால் தீராது. நெருக்கமான குடியிருப்புகளில் மலசலகூடக் குழிகளின் கசிவும் வெள்ளக் காலத்து அழுக்கும் இக்கிணறுகளில் சேர்வது தனிக் கவலை.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் குழாய்க்கிணறுகள் பலவற்றில் தொல்லை இரும்பு. இறைக்கும்போது தெளிவாக வரும் நீர், காற்றுப் பட்டதும் கறள் நிறமாகிறது. இரும்பு கோழியைக் கொல்வதில்லை. கோழி கொத்திக் குடிக்கும் குழாய் முனைகளான நிப்பிள்களை அடைக்கிறது, குழாய்க்குள் வழுவழுப்பான படிவை வளர்க்கிறது. வரிசையின் கடைசிக் கூடுகளில் நீர் எட்டாமல் முட்டை குறையும்போது, பண்ணைக்காரர் நோய் என்று எண்ணி மருந்து வாங்கப் போகிறார். நீரை உயரத்திலிருந்து பூவாளிபோற் சிதற விட்டு, தொட்டியில் அடையவைத்து, மணலில் வடித்தால் இரும்பில் பெரும்பகுதி நீங்கும். அதைச் செய்யாமல் குளோரீன் போட்டால் இரும்பே குளோரீனைத் தின்றுவிடும்.

உன்னிச்சைக் குளத்து நீரைச் சுத்திகரித்து நீர் வழங்கல் சபை தரும் குழாய் நீரில் உப்பும் கிருமியும் குறைவு. நீர்க்கட்டணமும் இடையிடையே வரும் தடையும் பெரிய பண்ணைகளுக்குச் சுமைதான். தடுப்பூசி நாளில் வேறொரு சிக்கல் உண்டு: ராணிக்கெட் போன்ற நோய்களுக்குக் குடிநீரில் கலந்து கொடுக்கும் உயிருள்ள தடுப்பு மருந்தை, நீரிலுள்ள குளோரீன் கொன்றுவிடும். முதல் நாளே நீரைத் திறந்த தொட்டியில் பிடித்து வைத்து, லீற்றருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்மா கரைத்த பின் மருந்தைச் சேர்க்க வேண்டும். கறுப்புத் தாங்கி வெயிலில் நின்றால் நீர் சூடாகி, எவ்வளவு சுத்தமானதாயினும் கோழி குடிக்காது. இது மூன்று வகை நீருக்கும் பொருந்தும்.

என் கணிப்பில் குழாய் நீர் முதலிடம், இரும்பு நீக்கிய குழாய்க்கிணறு இரண்டாமிடம். மணற்கிணற்றைக் கடைசியில் வைப்பது கிருமிக்காக அன்று. கிருமியைக் குளோரீன் தீர்க்கும், உப்பைப் பண்ணைக்குக் கட்டுப்படியாகும் செலவில் எதுவும் தீர்க்காது. வேறு வழியில்லாதவர்கள் ஒரே பெரிய மோட்டாருக்குப் பதிலாக இரண்டு மூன்று கிணறுகளில் சிறுகச் சிறுக இறைக்கலாம். நீர் மாதிரியை மாரியில் எடுத்தால் கிருமி பிடிபடும், உப்புப் பிடிபடாது. அதற்கு ஆவணிக் கடைசியில், கிணறு வற்றிக் கிடக்கும்போது எடுக்க வேண்டும்.